விரல்நுனியில் எண்பத்தொன்று

மார்ச் 6, செவ்வாய்

அப்பா வீடு திரும்பிவிட்டார். கூடவே ஆக்சிஜன் மெஷினும் வந்துவிட்டது. அறையில் அம்மாவின் தையல் மெஷின் கிடந்த மூலையில் வைத்திருக்கிறோம். விடாமல் உறுமுகிறது.

"இது எப்பதான் வாய மூடும்?" என்றார்.

"நீங்க மூச்ச நிறுத்தினதும்," என்றேன்.

சிரித்தார். எங்கள் இருவருக்கும் அன்பு இந்தப் பாஷையில்தான் வரும். அம்மா இருந்தவரை நடுவில் நின்று மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். இப்போது நேரடி.

அனுப்பும்போது டாக்டர் கேட்டார், வீட்டுப் பக்கம் புகை வருகிற இடம் ஏதாவது உண்டா என்று. நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "கடல் காத்துதான் டாக்டர். சுத்தமான காத்து." கடல் தெய்வம் மாத்சூ தாய் கோயிலின் காகித உலை எங்கள் பின்சுவரை ஒட்டி நிற்கிறது. வேண்டுதலுக்கென்று ஊர் எரிக்கும் பொற்காகிதம் முழுவதும் எங்கள் சமையலறை ஜன்னல் வழியாகத்தான் சொர்க்கத்துக்குப் போகிறது. மனுஷன் டாக்டரிடமே பொய் சொல்கிறார். சாமியைக் காட்டிக்கொடுக்க மாட்டாராம்.

மார்ச் 12, திங்கள்

அப்பாவைப் பார்த்துக்கொள்ள சுமி வந்திருக்கிறாள். ஜாவாக்காரி. இதற்கு முன் கௌஷியுங் நகரத்தில் ஒரு கிழவியைக் கடைசிவரை பார்த்துக்கொண்டாளாம். விரலில் கவ்வும் கருவியைக் காட்டிக்கொடுத்தேன். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று அது சொல்லும்.

"தொண்ணூறுக்கு மேல இருந்தா நிம்மதியா இரு. கீழ போனா என்னக் கூப்பிடு. எண்பத்தஞ்சுக்கும் கீழ போனா ஆம்புலன்ஸக் கூப்பிட்டுட்டு அப்புறம் என்னக் கூப்பிடு."

அப்பா விரலை நீட்டி, "மோதிரம் போடப்போறியா?" என்றார் சுமியிடம். தொண்ணூற்றொன்று.

மார்ச் 17, சனி

சந்திர மாதத்தின் முதல் நாள். காலையிலிருந்து கோயிலில் கூட்டம். பின்மாடியில் தூசியை அளக்க நான் மாட்டியிருக்கும் காற்றுப்பெட்டி விடியலில் இருபது காட்டியது. உலை மூண்ட பிறகு முந்நூற்று நாற்பது. ஜன்னல்களைச் சாத்தி, கதவிடுக்கில் ஈரத்துணி திணித்தேன். அப்பாவுக்கு எண்பத்தாறு.

"எல்லாத்தையும் அடைச்சா அம்மா எப்படிடி உள்ள வருவா?" என்கிறார். அம்மா என்றால் மாத்சூ. என் அம்மா இல்லை.

காற்றிலுள்ள துகள்களைப் பற்றிப் பாடம் நடத்திச் சம்பளம் வாங்குகிறவள் நான். மாணவர்கள் என்னை 'தூசி டீச்சர்' என்று கூப்பிடுகிறார்கள், முதுகுக்குப் பின்னால். அந்தத் தூசி டீச்சர் சொந்த அப்பனைக் காப்பாற்ற வைத்திருக்கும் ஆயுதம், ஈரத்துணி.

மார்ச் 20, செவ்வாய்

கோயில் ஆள் தலைக்கட்டுப் பணம் வாங்க வந்தான். வருஷா வருஷம் அப்பா முதல் ஆளாகப் போய்க் கட்டுவார். இந்த வருஷம் ஆஸ்பத்திரியில் கிடந்ததில் விட்டுப்போயிற்று. "உங்க வீடு மட்டும்தான் டீச்சர் பாக்கி," என்று அவன் பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொன்னான். கட்டித் தொலைத்தேன். இந்த ஊரில் கடவுள் இல்லை என்று சொல்லிவிட்டுக்கூட வாழலாம். தலைக்கட்டுக் கட்டாமல் வாழ முடியாது.

மார்ச் 31, சனி

போ-ருய்யின் 'திறந்த மேடை'க்குப் போனேன். என்னோடு பள்ளியில் படித்தவன். பழைய சர்க்கரை ஆலைக் கிடங்கை வாடகைக்கு எடுத்துப் புத்தகக்கடை வைத்திருக்கிறான். மாதக் கடைசிச் சனிக்கிழமை நாற்காலி போட்டு விவாதம். வாசலில் பலகை: அறிவியல், கலாச்சாரம், கருத்துச் சுதந்திரம் — எல்லாம் பேசலாம், எல்லாரும் பேசலாம். ஒரே ஒரு விதிதான். ஒவ்வொருவருக்கும் எட்டு நிமிஷம். மணி அடிக்கும்வரை பேசுகிறவரை யாரும் தடுக்கக் கூடாது. இன்றைக்கு ஒரு பல்மருத்துவர் எழுந்து மரண தண்டனை வேண்டும் என்றார். எட்டு நிமிஷமும் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்கள்.

முடிந்ததும் போ-ருய் என்னை ஓரம் கட்டினான்.

"ஜூன் மாசம் உனக்கு. எதிர்ல கோயில் தரப்பு. உலைய மூடணுமா வேணாமா. கூட்டம் பிச்சுக்கும், லியென்."

"நீ யார் பக்கம்?"

"எனக்கு ஏது பக்கம்? நான் நடுவுல நிக்கிறவன்."

"நடுவுல நின்னாத்தான் ரெண்டு பேர் அடிவாங்குறதும் நல்லாத் தெரியும்."

கோபித்துக்கொள்ளவில்லை. சந்தோஷப்பட்டான். சரி என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 22, ஞாயிறு

கோயில் கமிட்டித் தலைவர் ஷியாவ் ஒரு கூடை அன்னாசியோடு வந்தார். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் உருகினார். வாசல்வரை போனவர் திரும்பி, "டீச்சர் ஜூன்ல பேசப்போறீங்களாமே. பேசுங்க, பேசுங்க. விஞ்ஞானத்த நாங்க ரொம்ப மதிக்கிறோம். அம்மாவும் மதிக்கிறா. கோயில்ல வைஃபை கூடப் போட்டிருக்கு," என்றார்.

இவரைத் திட்டவும் முடியவில்லை. திட்டினால் நன்றி சொல்வார்.

மே 8, செவ்வாய்

மாத்சூ தாய் பிறந்தநாள். இந்த வருஷத் தூபக்கால் முறைக்காரரைத் தேர்ந்தெடுக்கும் நாள்.

தலைக்கட்டுக் கட்டிய ஒவ்வொரு வீட்டுப் பெயராக வாசித்து, சாமி முன்னால் பிறைக்கட்டை இரண்டையும் போடுவார்கள். ஒன்று கவிழ்ந்து ஒன்று நிமிர்ந்தால் அம்மா 'சரி' என்கிறாள். தொடர்ந்து யாருக்கு அதிகச் 'சரி' விழுகிறதோ, அவர் வீட்டுக்கு ஒரு வருஷம் அம்மாவின் தூபக்கால் வரும். நாற்பது வருஷமாக அப்பா பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறது. இரண்டுக்கு மேல் விழுந்ததில்லை.

அவரைச் சக்கரநாற்காலியில் தள்ளிக்கொண்டு போனோம். உள்ளே நெருப்பு. ஆக்சிஜன் உருளையைக் கொண்டுபோக முடியாது. உருளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் வாசலில் நின்றேன். "கோ வான்-ஃபூ" என்று ஒலிபெருக்கியில் அப்பா பெயர். கட்டை விழுந்தது. சரி. மறுபடி. சரி. ஐந்தாவதில் கூட்டம் சத்தம் போட ஆரம்பித்தது. எட்டாவதில் ஒரு பொம்பளை என்னைப் பார்த்துக் கைகூப்பினாள். ஒன்பதாவதும் விழுந்தது. பத்தாவதில்தான் இரண்டும் கவிழ்ந்தன.

ஒன்பது. அப்புறம் யாருக்கும் ஏழுக்கு மேல் விழவில்லை.

உருளையை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே ஓடினேன். அப்பா அழுதுகொண்டிருந்தார். வாயெல்லாம் சிரிப்பு, முகமெல்லாம் தண்ணீர். எனக்குத் தெரிந்து அவர் இப்படிச் சந்தோஷமாக இருந்ததே இல்லை. நான் பிறந்தபோது இருந்தாரோ என்னவோ. "பாத்தியாடி," என்றார், "பாத்தியா."

ஷியாவ் என் காதருகே வந்தார். "அம்மா எவ்வளவு விளையாட்டுக்காரி பாருங்க டீச்சர்."

மே 9, புதன்

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. அறுநூறு வீடு. ஒவ்வொரு தடவையும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அறுநூறில் யாரோ ஒருவருக்கு ஒன்பது விழத்தான் செய்யும். கரும்பலகையில் மாணவர்களுக்குப் போட்டே காட்டினேன். பின்வரிசையில் ஒருத்தி கை தூக்கினாள்.

"யாரோ ஒருத்தருக்கு விழும், சரி. ஏன் உங்க வீட்டுக்கு விழுந்துச்சு?"

வகுப்பு முழுக்கச் சிரித்தது. ஏன் விழுந்தது என்று எனக்குத் தெரியும். பணம் கட்டியது நான். கட்டாமல் இருந்திருந்தால் பட்டியலிலேயே பெயர் இருந்திருக்காது.

மே 13, ஞாயிறு

மேளதாளத்தோடு தூபக்கால் வந்து எங்கள் முன்கூடத்தில் உட்கார்ந்துவிட்டது. வருஷம் முழுக்கக் காலையும் மாலையும் ஊதுபத்தி. அணையவே கூடாது. சுவருக்கு அந்தப் பக்கம் ஆக்சிஜன் மெஷின். டாக்டருக்கு போன் போட்டேன். "உங்க வீட்ட நீங்களே கொளுத்தப்போறீங்களா?" என்று கேட்டார்.

அப்பா ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். பத்தி ஏற்றும்போது குழாயைக் கழற்றி அறையில் வைத்துவிட்டு, கூடத்துக்கு வந்து அரைமணி சாமி முன்னால் உட்காருவாராம். பத்தி எரிகிற இடத்தில் ஆக்சிஜன் இல்லை, ஆக்சிஜன் இருக்கிற இடத்தில் பத்தி இல்லை. "பாத்தியா, நானும் விஞ்ஞானிதான்." திரும்பி வரும்போது எண்பத்தேழு.

மே 21, திங்கள்

பேட்டரியில் எரியும் ஊதுபத்தி வாங்கி வந்தேன். நுனியில் சிவப்பு விளக்கு. புகை இல்லை.

"அம்மாவுக்கு பேட்டரியா? உனக்குப் பிளாஸ்டிக் சோறு போடட்டுமா?"

சுமி சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடிவிட்டாள். எனக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஜூன் 10, ஞாயிறு

சுவரொட்டி ஒட்டிவிட்டார்கள். பெரிய எழுத்தில் என் பெயர். எதிர்த்தரப்பு: கோயில் கமிட்டி. சோயாப்பால் கடைக்காரி, "முறைக்காரர் வீட்டுப் பொண்ணே அம்மாவுக்கு எதிரா மேடையேறுதா?" என்று என்னிடமே கேட்டாள், யாரோ மூன்றாவது ஆளைப் பற்றிக் கேட்கிற மாதிரி.

வீட்டுக்கு வந்தால் அப்பா.

"வேணாம், லியென். இந்த ஒரு வருஷம் பேசாம இரு. அடுத்த வருஷம் நான் இருந்தாலும் இல்லாட்டியும் என்ன வேணாப் பேசு."

"அடுத்த வருஷம் நீங்க இருக்கணும்னுதான் பேசுறேன்."

"யாருக்கோசரம்? எனக்கா, உன் காலேஜுக்கா?"

"உங்களுக்கு."

"அப்ப நான் சொல்றத நீ கேட்டியா? ஒரு தடவையாவது? நான் பேச ஆரம்பிச்சாலே நம்பர் பாக்க விரலத்தான் பிடிக்கிற."

எழுந்து வந்துவிட்டேன். சண்டை போடவும் அவருக்கு மூச்சில்லை. மூச்சில்லாத ஆளிடம் தோற்பதுதான் எரிச்சல்.

ஜூன் 19, செவ்வாய்

மழை. உலை எரியவில்லை. தொண்ணூற்றிரண்டு.

ஜூன் 24, ஞாயிறு

மாடியில் வரைபடங்கள் போட்டுக்கொண்டிருந்தேன். கீழே கூடத்தில் பிறைக்கட்டை விழும் சத்தம். மூன்று தடவை. முறைக்காரர் வீட்டிலிருந்தே அம்மாவிடம் கேட்கலாமாம், அது அவருடைய உரிமையாம். எதைக் கேட்கிறாரோ. லாட்டரி நம்பரா?

சாப்பிடும்போது, "அங்க ஒருத்தருக்கு எத்தன நிமிஷம் குடுக்குறாங்க?" என்றார்.

"எட்டு."

"எட்டு போதுமா?"

"எனக்குப் போதும்."

மீனின் கன்னச்சதையை எடுத்து என் கிண்ணத்தில் போட்டார். சின்ன வயதில் போடுவது மாதிரி. லஞ்சம் என்று நினைத்தேன். சாப்பிட்டுவிட்டேன்.

ஜூன் 30, சனி

ஜெயித்துவிட்டேன். அப்பா ஆஸ்பத்திரியில். எழுத வரவில்லை.

ஜூலை 1, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். ஊர் இனி ஆயிரம் விதமாகச் சொல்லும்.

கிடங்கில் நிற்க இடமில்லை. பின்வரிசைக்கும் தெரியட்டும் என்று மேடையில் கேமராவும் பெரிய திரையும் வைத்திருந்தார்கள். முதலில் நான். வரைபடம், காற்றுப்பெட்டி எண்கள், உலைக்குப் பக்கத்து வீடுகளில் எத்தனை பேருக்கு இளைப்பு. எட்டு நிமிஷம். மரியாதைக்குக் கைதட்டினார்கள்.

ஷியாவ் எழுந்து, "எங்க தரப்புல நான் பேசல. இந்த வருஷ முறைக்காரர் பேசணும்னு அவரே ஆசப்பட்டுக் கேட்டார்," என்றார். பின்கதவு திறந்தது. சுமி தள்ளிக்கொண்டு வந்தாள். அப்பா. கல்யாணத்துக்குப் போகும் சாம்பல் நிறக் கோட்டு. மூக்கில் குழாய் இல்லை.

சுமியைப் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்பா மைக்கைப் பிடித்துக்கொண்டு நிதானமாக ஆரம்பித்தார். "எங்க வீட்ல ரெண்டு பேரு. ஒருத்தி காத்த அளக்குறா. ஒருத்தன் காத்துக்கு அலையிறான்." கிடங்கே சிரித்தது. அவருக்கு இப்படிப் பேச வரும் என்று எனக்குத் தெரியாது. "முப்பது வருஷம் சிமென்ட் மூட்ட தூக்குனேன். அப்ப ஒருத்தனும் பொட்டியத் தூக்கிட்டு வந்து என் நெஞ்ச அளக்கல. இப்ப வந்து, கிழவா, உன்னக் கெடுத்தது உன் சாமிதான்னு சொன்னா எப்படி?" கைதட்டல் அடங்க நேரமாயிற்று. எனக்குக் கிடைத்ததைப் போல மூன்று மடங்கு. "இந்தப் பொண்ணு பரிட்சையில தேறணும்னு அந்தப் புகையிலதான் நின்னு வேண்டுனேன். தேறிட்டா. தேறி வந்து புகைய மூடுங்கிறா." மறுபடி சிரிப்பு. எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். என் காது கொதித்தது.

அவர் சிரிப்பு அடங்கக் காத்திருந்தார். "ஆனா," என்றார். நின்றார். மூச்சு இழுத்தது. உதடு கத்தரிக்காய் நிறம். "ஆனா, நான் இப்ப ஒண்ணு..." இருமல்.

மணி அடிக்கவில்லை. இன்னும் இரண்டு நிமிஷம் இருந்தது.

மேடையேறினேன். கருவி எப்போதும் என் பையில் இருக்கும். விரலைப் பிடித்தேன். இழுத்துக்கொண்டார். மறுபடி பிடித்தேன். கையை முஷ்டியாக மூடிக்கொண்டார். நான் பிரித்தேன். ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன். கிழவனுக்குப் பலமில்லை, சுலபமாகத்தான் இருந்தது. கருவியை மாட்டி, அந்தக் கையைத் தூக்கி கேமராவுக்கு நேராகப் பிடித்தேன். பின்னால் பெரிய திரையில் அவர் விரல், ஒரு ஆள் உயரத்துக்கு. அதன்மேல் எண்பத்தொன்று.

மைக்கை அவர் கையிலிருந்து எடுத்துச் சொன்னேன்: "கோயில் தரப்பு வாதம் இதுதான். எண்பத்தொன்று."

பின்வரிசையில் என் மாணவர்கள் கைதட்ட ஆரம்பித்தார்கள். கிடங்கு முழுக்க எழுந்து நின்றது. போ-ருய்யின் கை மணிமேல் இருந்தது. பேசுகிறவரைத் தடுக்கக் கூடாது என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கண் மின்ன என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆம்புலன்ஸில் அப்பா முகமூடிக்குள்ளிருந்து கூரையைப் பார்த்துக்கொண்டு வந்தார். கையைப் பிடித்தேன். திருப்பிப் பிடிக்கவில்லை, அது கையாகவே இல்லை.

காப்பாற்றத்தான் ஏறினேன். எண்பத்தஞ்சுக்குக் கீழே போனால் ஆம்புலன்ஸ், அதுதானே விதி? ஆமாம். ஆனால் ஆம்புலன்ஸுக்கு போன் போதுமே. மைக் எதுக்குடி உனக்கு? மைக் எதுக்கு?

ஜூலை 4, புதன்

வீடியோவை நாடே பார்த்துவிட்டது. கீழே எழுதுகிறார்கள்:

'இதுதான் அறிவியல்.'

'அப்பனையே சோதனை எலியாக்கிட்டா.'

'அந்த முஷ்டியப் பிரிக்கிற இடம் செம, திரும்பத் திரும்பப் பாத்தேன்.'

'இந்த டீச்சருக்குக் கல்யாணம் ஆகலன்னு பாத்தாலே தெரியுது.'

'தாத்தா செத்துட்டாரா?'

கடைசிக் கேள்விக்கு ஆயிரத்துக்கு மேல் விருப்பம். போ-ருய் போனில் துள்ளுகிறான். நல்ல விவாதம் இப்படித்தான் மனசை மாற்றும் என்கிறான்.

ஜூலை 12, வியாழன்

அப்பா வீட்டுக்கு வந்தார். கூடத்தில் தூபக்காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். நான் நாற்காலியைத் தள்ளப் போனேன். சுமியைப் பார்த்துக் கையை அசைத்தார். அவள் தள்ளினாள். ஊர் வாசலுக்கு வாசல் நின்று பார்த்தது. முறைக்காரர் வருஷம் முடியாமல் தூபக்காலைத் திருப்பிக் கொடுத்தது இந்தக் கோயிலில் நடந்ததே இல்லையாம். ஷியாவ் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "உடம்பப் பாத்துக்குங்க அண்ணே," என்றாராம். ஏழு விழுந்த ஆளுக்குப் போகிறது.

என்னிடம் அப்பா இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. களைப்பு.

ஜூலை 18, புதன்

களைப்பு இல்லை. சுமியிடம் பேசுகிறார். தொலைக்காட்சிச் செய்தியைத் திட்டுகிறார். தபால்காரனிடம் கத்தரிக்காய் விலை பேசுகிறார்.

ஜூலை 26, வியாழன்

நகரத்திலிருந்து அதிகாரிகள் வந்தார்கள். பின்னால் டி.வி.க்காரர்கள். கமிட்டி கூடி உலையை மூடிவிட்டது. இனிமேல் பொற்காகிதத்தை லாரியில் அள்ளிக்கொண்டு போய் நகரக் குப்பை எரியாலையில் எரிப்பார்களாம். நான் கேட்டதெல்லாம் நடந்துவிட்டது. ஒன்றுகூட விட்டுப்போகவில்லை.

ஆகஸ்ட் 25, சனி

செத்தவர்களுக்குக் காகிதம் எரிக்கும் பேய் மாதத்தின் பௌர்ணமி. போன வருஷம் இந்த நாளில் ஊரே தெரியாத அளவுக்குப் புகை. இன்று காற்றுப்பெட்டி பன்னிரண்டு காட்டியது. பார்க்கவேண்டும் போலிருந்தது, கோயில் பின்பக்கம் போனேன். உலை வாயில் சங்கிலி. சங்கிலியில் ஒரு அட்டை. என்னுடைய வரைபடம், என் பெயரோடு, பிளாஸ்டிக் உறை போட்டு. யார் எரிக்க வந்தாலும் ஷியாவ் கையைக் காட்டி, "டீச்சர்கிட்ட கேளுங்க," என்கிறாராம். லாரியில் காகித மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு கிழவர் மூட்டையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, என்னைப் பார்த்ததும் துப்பினார். தரையில்தான்.

வீட்டுக்கு வந்து சமையலறையில் சும்மா புலம்பினேன், சுமியிடம்தான். "ஏன் சுமி அப்பாவுக்கு இப்படி வன்மம்? என்னை ஒரு தடவ திட்டிட்டா என்ன?"

அவள் அரிசி கழுவுவதை நிறுத்தவில்லை. "அக்கா, அன்னிக்கு தாத்தாவ நீங்க முடிக்க விடல."

"என்ன முடிக்க?"

"தாத்தா அம்மாகிட்ட கேட்டாரு. வீட்ல. கட்ட போட்டு. அவரால குனிய முடியாதில்ல, நான்தான் பொறுக்கிப் பொறுக்கிக் குடுத்தேன். மூணு தடவ போட்டாரு. மூணும் சரின்னு விழுந்துச்சு."

"என்ன கேட்டாரு?"

"உலைய மூடிடலாமான்னு."

தண்ணீரை வடித்தாள்.

"முறைக்காரர் கேட்டு அம்மா சரின்னு சொன்னா ஊர்ல யாரும் மாத்திப் பேச முடியாதாம். தலைவருக்கும் சொல்லல. மேடையில சொல்றேன்னாரு. மொதல்ல அவங்கள சிரிக்க வைக்கணும், அப்பதான் கேப்பாங்கன்னாரு. கண்ணாடி முன்னாடி பேசிப் பாத்தாரு. எட்டு நிமிஷத்துக்குள்ள வருதான்னு என்ன மணி பாக்கச் சொன்னாரு. குழாய் வேணும் தாத்தான்னு நான் சொன்னேன். குழாயோட போனா நோயாளி கெஞ்சுற மாதிரி இருக்கும், லியென் தலகுனிஞ்சு போயிடுவான்னாரு."

ஆகஸ்ட் 26, ஞாயிறு

போய் அவர் கட்டிலருகே நின்றேன். "எனக்குத் தெரியும்ப்பா. சுமி சொன்னா." ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினார். நான் இன்னும் சத்தமாகச் சொன்னேன். இன்னும் கூட்டினார். சமையல் நிகழ்ச்சி. சிப்பி ஆம்லெட் போடுவது எப்படி என்று ஊருக்கே கேட்டது.

அந்த 'ஆனா'வுக்கு அப்புறம் இரண்டு நிமிஷம் இருந்ததே. ரெண்டே நிமிஷம் வாய மூடிட்டு உக்காந்திருந்தா என்னடி செத்தா போயிருப்பாரு?

செத்திருக்கலாம். அதுவும் உண்மைதான். எண்பத்தொன்று பொய் இல்லை.

அக்டோபர் 14, ஞாயிறு

தைபேயில் ஒரு கருத்தரங்குக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். 'கருத்துச் சுதந்திரமும் துணிச்சலும்' பற்றி நான் பேசவேண்டுமாம். அந்த வீடியோவைப் போட்டுக் காட்டுவார்களாம். வரவில்லை என்று எழுதிவிட்டு, அரைமணி கழித்து, வருகிறேன் என்று எழுதினேன்.

டிசம்பர் 2, ஞாயிறு

சோயாப்பால் கடையில் என் முறை வந்ததும் கடைக்காரி உள்ளே போய்விடுகிறாள். அவள் புருஷன் ஊற்றித் தருகிறான். நான் போனதும் அவள் வெளியே வருகிறாள். இதை இருவரும் பேசிவைத்துச் செய்கிறார்கள். பால் என்னவோ சூடாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 19, செவ்வாய்

அப்பாவுக்கு ஆறுமாதப் பரிசோதனை. டாக்டர் படங்களை விளக்கொளியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "புகை நின்னதுதான் காரணம். பகல்ல இனி மெஷினே வேண்டாம். உங்க மகளுக்குக் கோயில் கட்டணும் ஐயா," என்றார். அப்பா டாக்டருக்கு வணக்கம் சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தார்.

திரும்பும் வழியில் காரின் பின்சீட்டில் சுமியோடு பேசிக்கொண்டே வந்தார். இப்போது மூச்சு வாங்காமல் நீளநீளமாகப் பேசுகிறார். சிமென்ட் ஆலைக் கதை. அம்மாவைப் பெண்பார்க்கப் போய் வேறு வீட்டுக்குள் நுழைந்துவிட்ட கதை. எனக்கே தெரியாத கதை. கண்ணாடியில் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். நான் சிரித்ததும் நிறுத்திவிட்டார்.

வீட்டில் சுமி தயங்கித் தயங்கி வந்தாள். "அக்கா, தாத்தா உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாரு."

சொல்லு என்றேன்.

"அவர் செத்தா பத்தி, காகிதம் எதுவும் எரிக்கக் கூடாதாம். எரியாலைக்கும் அனுப்பக் கூடாதாம். லியெனுக்குப் புகை ஆகாதுன்னு சொல்லச் சொன்னாரு."

காகிதம் எரிக்காமல் போகிறவர் அந்த உலகத்தில் கையில் காசில்லாமல் பிச்சையெடுப்பார் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அவருக்கு இருக்கிறது. நம்பிக்கை வைத்துக்கொண்டே கேட்கிறார்.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். இப்படியே போனால் இன்னும் பத்து வருஷம் தாராளமாக இருப்பாராம்.

மாலையில் கருவியை எடுத்துக்கொண்டு போனேன். என் காலடிச் சத்தம் கேட்டதும், டி.வி.யிலிருந்து முகத்தைத் திருப்பாமலே விரலை நீட்டினார். மாட்டினேன். தொண்ணூற்றாறு. சொன்னேன். கழற்றினதும் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.